ஆறடி நீளத்தில் உயரமான தொட்டியை விடுங்கள், ஐந்தடியில் அகலமாகச் செய்யுங்கள்

தம்பி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். கொக்குவில் வீட்டில் இரண்டடி உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்று ஓடுகிறது, அதில் ஒரு சோடி கோமாளி மீனும் கொஞ்சம் மென்பவளமும் இருக்கின்றன. இப்போது ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் ஒன்று செய்து அதில் நீல டாங், எம்பரர் ஏஞ்சல், வண்ணத்துப்பூச்சி மீன் எல்லாம் விட்டு, கூடவே அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல்பவளமும் வளர்க்கலாமா, தண்ணீரைக் கீரிமலையில் அள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

பெரிய தொட்டிக்குப் போவது சரியான முடிவுதான், தண்ணீர் கூடக் கூட வெப்பமும் உப்பும் மெதுவாகத்தான் மாறும், பிழைகளைப் பொறுக்கும். ஆனால் நீங்கள் தந்த மீன் பட்டியலும் பவளப் பட்டியலும் ஒரே கண்ணாடிக்குள் இருக்காது. எம்பரர் ஏஞ்சல் வாங்கும்போது உள்ளங்கை அளவு, வளர்ந்தால் 40 சென்ரிமீற்றர் வரை போகும், கடற்பஞ்சையும் பவளச் சதையையும் கொறிப்பது அதன் இயல்பு. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தின் பொலிப்புகளை, அதாவது அதன் உயிருள்ள சிறு வாய்களை, கொத்தித் தின்பவை, நீங்கள் காசு கொடுத்து வாங்கி வைத்த அக்ரோபோரா அதற்குச் சாப்பாட்டுத் தட்டு. கிளாத்தி, பேத்தை வகைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், இறால் நண்டு எதையும் மிச்சம் வைக்காது. அதோடு பெரிய மீன் என்றால் கனக்கத் தீன், கனக்கத் தீன் என்றால் நைத்திரேற்றும் பொஸ்பேற்றும், அவை ஏறினால் கல்பவளம் பழுப்பாகிப் பாசி பிடிக்கும்.

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது தொட்டியின் அளவை இல்லை, பவளமா பெரிய மீனா என்பதைத்தான். பெரிய ஏஞ்சலும் கிளாத்தியும்தான் ஆசை என்றால் வெறும் கல்லும் மீனுமாக ஒரு தொட்டி ஓட்டுங்கள், விளக்குச் செலவு பாதியாகும், அதில் ஒரு குறையும் இல்லை. பவளம் வேண்டும் என்றால் மீன் பட்டியலை வெட்ட வேண்டும். உங்கள் இரண்டடித் தொட்டியில் மென்பவளம் நன்றாக நிற்பதால் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்: மென்பவளம், ஹாமர், டோர்ச் போன்ற பெரிய பொலிப்புக் கல்பவளம், அவற்றோடு சாதுவான மீன்கள். அக்ரோபோராவை ஒரு வருடம் கழித்து, கால்சியமும் காரத்தன்மையும் ஆடாமல் நிற்கிறது என்று தெரிந்தபிறகு, கல்லின் உச்சியில் ஒரு துண்டு வைத்துப் பாருங்கள்.

இனி அளவு. எல்லோரும் லீற்றரைத்தான் கேட்கிறார்கள், மீனுக்கு வேண்டியது நீளம், பவளத்துக்கு வேண்டியது முன்னிருந்து பின்னான அகலம், உயரம் இரண்டுக்குமே பெரிதாக உதவாது. உயரம் கூடினால் ஒளி அடிக்குப் போய்ச் சேராது, கண்ணாடித் தடிப்புக் கூட வேண்டும், அடியில் விழுந்த பவளத்தை எடுக்க ஏணி வைத்து ஏறித் தோள்வரை கையை நனைக்க வேண்டும். உங்கள் 6×2×2½ அடிக்கணக்கு 850 லீற்றர். சந்தையில் வழக்கமாகச் சொல்லும் 4×2×2 அடி கிட்டத்தட்ட 450 லீற்றர். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், 20 அங்குலம் உயரம் என்று போட்டால் 470 லீற்றர் வருகிறது: நாலடித் தொட்டியின் தண்ணீர்தான், ஆனால் மீனுக்கு ஓர் அடி நீச்சல் கூடுதல், விளக்குக்கு நான்கு அங்குல ஆழம் குறைவு, கை அடிவரை போகும். உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் அளவு இதுதான். அகலத்தை இரண்டரை அடி ஆக்க இடமிருந்தால் இன்னும் நல்லது, உயரத்தைத் தொடாதீர்கள்.

கண்ணாடி 12 மில்லிமீற்றர் போதும், மேல் விளிம்பில் சுற்றிவரப் பட்டியும் நடுவில் ஒரு குறுக்குப் பட்டியும் இருக்கட்டும். கண்ணாடிக் கடையில் ஒட்டக் கொடுத்தால் பூஞ்சணத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கன்தானா என்று டியூப்பை வாங்கி வாசித்துப் பாருங்கள், குளியலறைக்கு அடிக்கும் சிலிக்கன் மீனுக்கு நஞ்சு. ஒட்டி ஒரு கிழமை விட்டு, முற்றத்தில் நிரப்பி இரண்டு நாள் நிற்கவிட்டுப் பிறகு உள்ளே எடுங்கள். தண்ணீர், கண்ணாடி, கல், கீழ்த்தொட்டி (பம்பும் வடிகட்டலும் இருக்க அடியில் வைக்கும் சிறு தொட்டி) எல்லாம் சேர 700 கிலோவைத் தாண்டும். கீழ்வீட்டுச் சீமெந்துத் தரைக்கு அது பிரச்சினையில்லை, மேல்மாடி என்றால் பொறியியலாளர் ஒருவரைக் கேட்காமல் வைக்க வேண்டாம். இரும்பு ஸ்ராண்ட் நம்மூர் உப்புக்காற்றுக்கே துருப்பிடிக்கும், அதன் மேலே தினமும் உப்புத்தண்ணீர் சொட்டினால் சொல்லத் தேவையில்லை, பவுடர் பூச்சுப் பூசுங்கள் அல்லது அலுமினியச் சட்டத்தில் செய்யுங்கள். தொட்டிக்கும் ஸ்ராண்டுக்கும் இடையில் ரிஜிபோம் தகடு.

வெப்பம்தான் யாழ்ப்பாணத்தில் தொட்டியின் உண்மையான எல்லை. பவளத்துக்கு 25 முதல் 27 பாகை நல்லது, மென்பவளம் 28ஐத் தாங்கும். சித்திரை வைகாசியில் காற்றே இல்லாத நாட்களில் வீட்டுக்குள்ளேயே 31, 32 நிற்கும், பம்பும் விளக்கும் தங்கள் சூட்டை அதற்கு மேலே சேர்க்கும். கடலில் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடிச் சில கிழமை நின்றாலே முருகைகள் வெளிறத் தொடங்கும், 1998இல் இலங்கைக் கரையோரத்தின் பல இடங்களில் அப்படித்தான் செத்தன. தண்ணீர்ப்பரப்பில் மின்விசிறி வீசவிட்டால் ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை இறங்கும், மார்கழி தையில் அது தாராளம், சோளகம் வீசும் காலத்திலும் ஓரளவு சமாளிக்கும். ஆனால் புழுக்கமான சித்திரை இரவில் விசிறி தோற்றுவிடும், சில்லர், அதாவது தண்ணீரைக் குளிராக்கும் இயந்திரம், இல்லாமல் இந்த அளவுத் தொட்டியில் கல்பவளம் வைக்கத் திட்டம் போடாதீர்கள். மூன்றிலொரு குதிரைவலு போதும். அதை ஸ்ராண்ட் அலுமாரிக்குள் அடைப்பது நான் அடிக்கடி காணும் கூத்து: அது வெளியேற்றும் சூட்டையே திரும்ப உறிஞ்சி, நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் குளிராது, பில் மட்டும் ஏறும். சுவரில் துளை போட்டுக் குழாயை எடுத்து விறாந்தையில், மழையும் வெயிலும் படாத மூலையில் வையுங்கள். மேற்கு யன்னல் பக்கமும் தகரக் கூரை அறையும் வேண்டாம். ஹீட்டர் வாங்கினால் அது அநேகமாகப் பெட்டியைவிட்டு வெளியே வராது.

கரண்ட் கணக்கை நானே போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் தொட்டி விற்பவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். கீழ்த்தொட்டியிலிருந்து தண்ணீரை ஏற்றும் பம்ப் 50 வாற், அலை பம்ப் இரண்டும் சேர்த்து 50 வாற், கழிவை நுரையாக்கி எடுக்கும் நுரைபிரிப்பான் 20 வாற், இவை 24 மணிநேரமும் ஓடும்: கிட்டத்தட்ட 3 யூனிற். விளக்கு 250 வாற், எட்டு மணிநேரம்: 2 யூனிற். சில்லர் 350 வாற், சூடான மாதத்தில் ஒன்பது மணிநேரம் ஓடினால் 3 யூனிற்றுக்கு மேல். ஆக ஒரு நாளைக்கு எட்டு, மாதத்துக்கு 240 யூனிற், வீட்டின் ஃபிரிஜ், மோட்டர் எல்லாம் இதற்கு மேலே. நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால் இந்தத் தொட்டி தனியாகவே உங்களை மேல்படிக்குத் தள்ளிவிடும். நீங்கள் நினைத்த 850 லீற்றர் என்றால் இதை ஒன்றரையால் பெருக்குங்கள். கூரையில் சோலர் இருந்தால் வேறு கதை.

மின்வெட்டுக்கு ஆயத்தம் வேண்டும். 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை வெட்டினார்களே, அந்தக் கணக்குக்கே ஆயத்தப்படுத்துங்கள். கரண்ட் போனதும் மீன் முதலில் சாவது சூட்டால் இல்லை, ஒட்சிசன் இல்லாமல்தான், ஆகவே விளக்கோ நுரைபிரிப்பானோ பற்றரியில் ஓடத் தேவையில்லை, 20 வாற் அலை பம்ப் ஒன்று மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டிருந்தால் போதும். 12 வோல்ற் 100 ஆம்பியர் மணி ஈய பற்றரியைப் பாதிவரை இறக்கினாலும் அது கிட்டத்தட்ட ஒரு நாள் தாங்கும்.

கீழ்த்தொட்டி விஷயத்திலும் இதே மின்வெட்டுத்தான் ஆளைப் பிடிக்கும். பம்ப் நின்றவுடன் மேலே உள்ள தண்ணீர், ஏற்றும் குழாய் வழியாகவே திரும்பி இறங்கும், குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை. வாய் மேற்பரப்பிலிருந்து 5 சென்ரிமீற்றர் கீழே இருந்தால் உங்கள் ஐந்தடித் தொட்டியிலிருந்து ஏறத்தாழ 45 லீற்றர் வரும், 15 சென்ரிமீற்றர் கீழே என்றால் 140 லீற்றர், அது கீழ்த்தொட்டியில் கொள்ளாது, வரவேற்பறையில்தான் நிற்கும். 90×40×40 சென்ரிமீற்றரில் கீழ்த்தொட்டி செய்து பாதிக்குச் சற்று மேலே மட்டம் வைத்தால் 60 லீற்றர் இடம் மிஞ்சும். குழாய் வாயை மேலே தூக்கி வையுங்கள், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை போடுங்கள், மட்டம் அந்தத் துளைக்கு வந்ததும் காற்று உள்ளே போய் உறிஞ்சல் அறும். ஆனால் அந்தத் துளையில் பாசியோ நத்தையோ அடைக்கும், ஆகவே துளையை மட்டும் நம்பாமல் மாதம் ஒரு தடவை பம்பை வேண்டுமென்றே நிறுத்தி, தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று நின்று பாருங்கள்.

சரி, தண்ணீர். கீரிமலை வேண்டாம். கேணிக்குள் ஊறுவது நிலத்தடி நன்னீர், அந்தக் கரை முழுக்கச் சுண்ணக்கல், வெடிப்புகளூடாக நன்னீர் கடலுக்குள் கசிகிறது, தோட்டங்களின் பசளை நைத்திரேற்றும் அதோடு வரும். யாழ் நகரின் பண்ணைப் பக்கம் களப்புத் தண்ணீர் இன்னும் மோசம், கோடையில் கடலைவிட உப்பு ஏறும், ஐப்பசி கார்த்திகை மழையில் விழுந்துவிடும். காங்கேசன்துறையிலோ பருத்தித்துறையிலோ படகில் போகும் ஆள் தெரியுமென்றால், வரண்ட மாதங்களில் கரையைவிட்டு நன்றாக வெளியே போய் அள்ளித்தரச் சொல்லலாம். அதைத் துணியில் வடித்து, இரண்டு கிழமை இருட்டில் பம்ப் போட்டு வைத்து, உப்பும் நைத்திரேற்றும் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். செய்யலாம், ஆனால் கிழமைக்கு 50 லீற்றர் மாற்றத் தேவைப்படும் மனிதன் எத்தனை ஞாயிற்றுக்கிழமைக்குக் கான் தூக்குவான்?

ஆகவே கடல்நீர் செய்யும் உப்புக் கலவையும் ஆர்.ஓ. (சவ்வு வடிகட்டி) தண்ணீரும். கிணற்றுத் தண்ணீரை நேரே ஊற்றக் கூடாது, வலிகாமத்துக் கிணறுகளில் கடினத்தன்மையும் நைத்திரேற்றும் எவ்வளவு என்று ஊரறியும். ஆர்.ஓ.வுக்குப் பின் அயனீக்கிக் குடுவையும் சேர்த்து, கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீற்றரில் சுழியம் காட்டும் வரை போக வேண்டும். மழைக்காலத்தில் முதல் மழைகளைக் கூரை கழுவப் போகவிட்டு, பிறகு பிடித்த தண்ணீரை அதே ஆர்.ஓ.வுக்குள் கொடுங்கள், கிணற்றுத் தண்ணீரோடு பார்க்கையில் வடிகட்டிக்கு அது விடுமுறைதான். உப்புக் கலவை லீற்றருக்கு ஏறத்தாழ 38 கிராம், முதல் நிரப்பலுக்குக் கிட்டத்தட்ட 19 கிலோ போகும், ஒப்படர்த்தி 1.025, 1.026இல் நிற்கட்டும். ஆனையிறவு உப்பைக் கலக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், கூடாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியம் முதலில் படிந்துவிடும், மக்னீசியம் கடைசித் தண்ணீரோடு போய்விடும், நடுவில் விளைவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு. பவளத்துக்கோ லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியமும், 1250க்கு மேல் மக்னீசியமும், காரத்தன்மை 8, 9 டி.கே.எச். அளவிலும் வேண்டும். விசிறி ஓடினால் தினமும் லீற்றர் கணக்கில் ஆவியாகும், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், அதை நன்னீரால் நிரப்பும் தானியங்கி ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள்.

விளக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நல்ல எல்.ஈ.டி. இரண்டடிக்கு இரண்டடி பிடிக்கும், ஐந்தடிக்கு இரண்டு போட்டால் ஓரங்கள் மங்கலாக இருக்கும், அங்கே மென்பவளமும் காளான் பவளமும். பவளம் பயன்படுத்தும் ஒளியின் அளவு (பார், PAR) மென்பவளத்துக்கு 50 முதல் 100, ஹாமருக்கு 150 வரை, அக்ரோபோராவுக்கு 200க்கு மேல். கல்லை இரண்டு தீவாக அடுக்குங்கள், கண்ணாடியிலிருந்து நான்கு விரல் தள்ளி, காந்தத் துடைப்பான் போகும் அளவுக்கு. டோர்ச்சின் கொட்டும் இழைகள் இரவில் நீளும், அதைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விடுங்கள். பழைய தொட்டிக் கல்லில் பாதியை இதற்குள் போட்டால் பக்டீரியா கெதியாகப் பரவும், அதற்காக அடுத்த நாளே மீன் விட வேண்டாம், அமோனியாவும் நைத்திரைற்றும் சுழியமாகும் வரை பொறுங்கள்.

கடலில் இருந்து முருகையை உடைத்து எடுப்பது நாட்டுச் சட்டப்படி குற்றம், தீவகத்துப் பழைய முருகைக்கல் வேலிகளிலும் கை வைக்காதீர்கள். வளர்த்து வெட்டிய துண்டுகளை மட்டும் வாங்குங்கள், வெளிநாட்டுப் பவளம் என்றால் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடலட்டைப் பண்ணையில் இருந்து ஒன்று கொண்டுவந்து மணல் துப்புரவாக்க விடலாமே என்று நம்மூரில் யாராவது யோசனை சொல்வார்கள். பம்பில் சிக்கினாலோ செத்தாலோ அது விடும் நஞ்சு தொட்டியிலுள்ள மீனையெல்லாம் கொல்லக்கூடும், ஏலாது என்று சொல்லிவிடுங்கள். மேலே கண்ணாடி மூடிக்குப் பதில் வலை போடுங்கள், சூடு வெளியேறும், மீன் பாயாது, பல்லியும் விழாது. டெங்குக்குப் புகையடிக்க வருகிறார்கள் என்றால் நுரைபிரிப்பானையும் காற்றுப் பம்பையும் நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, யன்னலைச் சாத்துங்கள். அந்தப் புகையை அவைதான் தண்ணீருக்குள் இழுத்துவிடும், முதலில் இறால் போகும்.

மீன் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில், ஒட்சிசன் அடைத்த பையில் வரும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பத்து மணிநேரம் பைக்குள் மூச்சுவிட்ட காபனீரொட்சைட்டால் தண்ணீர் அமிலப் பக்கம் இறங்கியிருக்கும், அதனால் சேர்ந்த அமோனியாவும் அதிகம் தீங்கில்லாத வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு பறந்து பி.எச். ஏறும், ஏறியதும் அதே அமோனியா நஞ்சாகும். திறந்த பைக்குள் ஒரு மணிநேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் பழக்கம் நீண்ட பயணத்து மீனுக்குக் கூடாது. பையைத் திறக்காமல் அரை மணிநேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சரியாக்குங்கள், பையின் உப்பு அளவைக் கடையிடம் முதலே கேட்டு தனிமைத் தொட்டியை அதற்குச் சமமாக்கி வையுங்கள், திறந்ததும் மீனை மட்டும் உடனே மாற்றிவிடுங்கள், பைத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

அந்தத் தனிமைத் தொட்டி வேறு எதுவும் இல்லை, உங்கள் பழைய இரண்டடித் தொட்டிதான், கல்லும் மணலும் எடுத்துவிட்டு. வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து செம்பு, செம்பு பவளத்தையும் இறாலையும் கொல்லும், ஆகவே பெரிய தொட்டிக்குள் நோய் வந்தால் அங்கே வைத்து மருந்து ஊற்ற முடியாது. எல்லா மீனையும் பிடித்து வெளியே எடுத்து, பெரிய தொட்டியை இரண்டரை மாதம் மீனில்லாமல் விட வேண்டும். கல்லுக்குள் ஒளியும் மீனைப் பிடிப்பதைவிட ஒவ்வொன்றையும் ஒரு மாதம் தனியே வைத்துப் பார்ப்பது சுகம். செம்பு ஊற்றிய தொட்டியில் பிறகு பவளம் வைக்காதீர்கள்.

மீன் வரிசை இப்படி: முதலில் பயந்த சுபாவக்காரர், ஒரு சோடி ஃபயர்ஃபிஷ், ஒரு சோடி பங்காய் கார்டினல், இறாலோடு சேர்ந்து வாழும் கோபி ஒன்று. பிறகு உங்கள் கோமாளிச் சோடி, அவை முதலில் போனால் மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கடிக்கும். நீல டாங் 30 சென்ரிமீற்றர் வரை வளரும், ஓயாமல் நீந்தும், ஐந்தடிக்குள் விடச் சொல்ல மாட்டேன். அதே குடும்பத்தில் கோல் டாங் 18 சென்ரிமீற்றரோடு நிற்கும், கண்ணாடிப் பாசியையும் மேயும், அதைக் கடைசியில் விடுங்கள். இன்னொரு பாசி மேய்ப்பர் வேண்டுமென்றால் மஞ்சள் ஃபொக்ஸ்ஃபேஸ், நாம் குழம்பு வைக்கும் ஓராவின் குடும்பம்தான். ஓரா முள்ளின் வலி தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, இதற்கும் அதே நச்சு முள், வலையில் சிக்கவும் செய்யும், ஆகவே பிளாஸ்ரிக் டப்பாவால் அள்ளுங்கள், குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சுடுதண்ணீருக்குள் கையை வையுங்கள். கண்ணாடி வெட்டக் கொடுக்க முதல் அறையின் நீள அகலத்தையும் கூரை ஓடா தகரமா என்பதையும் எழுதுங்கள், சில்லர் எங்கே வைப்பதென்று பார்த்துச் சொல்கிறேன்.